மர அறுப்பு மிஷின் வாங்கப் போகிறீர்களா? சிசியைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள்

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் மரம் அறுக்கும் மிஷின் (செயின்சா) விற்கிற எந்தக் கடையில் போய் நின்றாலும், வாங்க வந்தவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை சிசி?", அதாவது இன்ஜினின் கொள்ளளவு. அடுத்த கேள்வி "பார் எத்தனை இஞ்ச்?", அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு. 58 சிசி, 22 இஞ்ச் பார் என்று கடைக்காரர் சொன்னதும் முகம் மலர்ந்துவிடும், விலையும் பத்தாயிரத்துக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். கொம்பு நீளத்தைப் பார்த்து உழவு மாடு வாங்குவது மாதிரிதான் இது. அந்த இரண்டு எண்களும் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் தினசரி அறுப்பு வேலைக்கு மிஷின் தேடுகிறவருக்கு அவை இரண்டும் கடைசியாகப் பார்க்க வேண்டியவை.

யாருக்காக எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கொல்லையில் முருங்கை முறிந்தால் வருஷத்துக்கு ஒருமுறை அறுக்கிறவருக்கு இந்தப் பதிவு வேண்டாம், அவருக்கு ஒரு நல்ல கைரம்பமே போதும். தோப்பு வைத்திருப்பவர், காய்ப்பு நின்ற தென்னையை எடுப்பவர், வேலி ஓரத்துச் சீமைக் கருவேலத்தை விறகுக்குத் துண்டு போடுபவர், நடுவில் வேம்பு, பூவரசு, எப்போதாவது ஒரு புளி என்று கையில் கிடைத்ததை எல்லாம் அறுக்க வேண்டியவர், அதாவது வாரத்தில் சில நாளாவது மிஷினைக் கிளப்புகிறவர், அவருக்குத்தான். எங்கள் பக்கம் இப்படிப்பட்டவர்கள் நிறைய. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து லட்சக்கணக்கில் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனபோது, கோடரியும் ஆள் பலமும் எந்த மூலைக்கும் போதவில்லை. அப்போது வெளியூர்களில் இருந்து வந்த மிஷின்களைப் பார்த்துத்தான் பலரும் முதல்முறையாகச் சொந்தமாக ஒன்று வாங்கினார்கள். அப்படி அவசரத்தில் வாங்கியவற்றில் பல இன்று மோட்டார் கொட்டகையின் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன.

சரி, சிசிக்கு வருவோம். ஸ்டில் கம்பெனியின் சொந்தப் பட்டியலில் இருந்தே ஒரு ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ். 271, எம்.எஸ். 261 இரண்டும் அதே 50.2 சிசி. முன்னது 2.6 கிலோவாட் தருகிறது, எடை 5.6 கிலோ. பின்னது 3.0 கிலோவாட், எடை 4.9 கிலோ. (பார், செயின், பெட்ரோல் சேர்க்காத எடை.) ஒரே சிசி, ஆனால் ஒன்றில் பலம் அதிகம், எடை முக்கால் கிலோ குறைவு. 271 தோப்பு, பண்ணை வேலைக்கென்று செய்த வகுப்பு, 261 மரம் வெட்டுவதே தொழிலாக இருப்பவருக்கென்று செய்தது. கடைக்காரர் "ரெண்டும் ஒரே சிசிதாண்ணே, எதுக்கு அவ்வளவு கொடுக்கணும்" என்பார். அந்த முக்கால் கிலோ என்னவென்று மத்தியானத்துக்கு மேல் உங்கள் இடுப்பு சொல்லும்.

ஆக, பார்க்க வேண்டியது கிலோவாட்டும் எடையும், இரண்டையும் சேர்த்து. நம்மூரில் அதிகம் ஓடும் எம்.எஸ். 250ஐப் பாருங்கள்: 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. மோசமே இல்லை, சொல்லப்போனால் தோப்பு வைத்திருக்கும் பாதிப் பேருக்கு அதுவே போதும் என்பேன். மேலே போனால் எம்.எஸ். 362, 59 சிசி, 3.5 கிலோவாட், 5.6 கிலோ. அதற்கும் மேலே 70 சிசி தாண்டிய எம்.எஸ். 382, ஹஸ்க்வர்னா கம்பெனியின் 372 எக்ஸ்.பி. மாதிரி வகைகள் ஏறக்குறைய 4 கிலோவாட் தரும், ஆனால் எடை ஆறு கிலோவைத் தாண்டிவிடும். பெரிய புளிய மரத்தின் அடியைப் போட அவை சுகம்தான், ஆனால் விழுந்த தென்னையைத் துண்டு போட்டுக்கொண்டே நடக்கும் வேலைக்கு நாள் முழுக்க அதைத் தூக்கித் திரிந்தால் மறுநாள் வேலைக்கு ஆள் இருக்காது. பலவகை வேலைக்கு ஒரே ஒரு மிஷின் என்றால் என் கணக்கு இதுதான்: 50 சிசி அளவில், தொழில்முறை வகுப்பில், 3 கிலோவாட் பக்கம் தருகிற ஒன்று. ஸ்டிலில் 261, ஹஸ்க்வர்னாவில் 550 எக்ஸ்.பி. இரண்டில் எது என்று என்னிடம் கேட்டால், உங்கள் ஊரில் இருந்து பைக்கில் போய் வரும் தூரத்தில் எதற்கு மெக்கானிக் இருக்கிறாரோ அது. இதில் எனக்குக் கட்சி எதுவும் இல்லை.

தொழில்முறை வகுப்பு என்று எதைச் சொல்கிறார்கள் என்பது வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது, நிறம் ஒன்று, உருவமும் ஏறக்குறைய ஒன்று. கழற்றினால்தான் தெரியும். கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) உட்கார்ந்திருக்கும் கூடு தொழில்முறை மிஷினில் மெக்னீசியம் வார்ப்பு, சிலிண்டர் அதன் மேல் தனியாகப் போல்ட் போட்டு நிற்கும். பிஸ்டன் சிலிண்டர் போனால் அதை மட்டும் மாற்றி, கிராங்க் பேரிங் போனால் அதை மட்டும் மாற்றி வருஷக்கணக்கில் ஓட்டலாம். பண்ணை வகுப்பில் பெரும்பாலும் இன்ஜின் ஒரு தனிக் கட்டையாகப் பிளாஸ்டிக் உடம்புக்குள் உட்கார்ந்திருக்கும். ஓடும், நன்றாகவே ஓடும், ஆனால் உள்ளே ஏதாவது போனால் வேலை அதிகம், கூலிக்கும் உதிரிப் பாகத்துக்கும் கொடுக்கிற பணத்தில் பாதி புது மிஷின் வந்துவிடும் என்று மெக்கானிக்கே சொல்லிவிடுவார். அப்புறம் அதிர்வு. கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் நல்ல ஸ்பிரிங் போட்ட மிஷினை ஒரு நாள் பிடித்துவிட்டு மறுநாள் விலை குறைந்த 58 சிசியைப் பிடித்துப் பாருங்கள், சாயங்காலம் டீ கிளாஸ் கையில் நடுங்கும். வருஷக்கணக்கில் அந்த அதிர்வை வாங்கினால் விரல்கள் மரத்துப்போகிற நோயே வரும், வெள்ளை விரல் நோய் என்கிறார்கள், மரம் வெட்டும் தொழிலாளர்களிடம் பல நாடுகளில் பதிவான விஷயம்தான்.

பார் நீளம். இங்கேதான் நம் ஆட்கள் ஆசைப்பட்டு விழுகிறார்கள். 16 இஞ்ச் பார் என்றால் 40 சென்டிமீட்டர். நம் தோப்புத் தென்னையின் நடுமரம் பெரும்பாலும் குறுக்களவில் 30 சென்டிமீட்டர் பக்கம்தான், தூர் மட்டும்தான் அகலம். அதையும் இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தால் பாரின் நீளத்தைவிட அகலமான மரத்தையே முடிக்கலாம். பார் நீளமானால் முன்பக்கம் கனக்கும், இழுக்க வேண்டிய செயின் கூடும், அதனால் இன்ஜினின் பலத்தில் ஒரு பங்கு அங்கேயே போகும், தீட்ட வேண்டிய பல்லும் அதிகம், தரையில் மூக்கு இடித்து மண்ணை அறுக்கிற வாய்ப்பும் அதிகம். பலம் இல்லாத இன்ஜினில் 22 இஞ்ச் பாரை மாட்டி விற்பது பார்வைக்கு மட்டும்தான். 50 சிசி மிஷினுக்கு 16, மிஞ்சிப்போனால் 18. புளி, வாகை என்று பெரிய மரம் அடிக்கடி வருமென்றால் 20 இஞ்ச் பாரோடு 60 சிசி வகுப்பைப் பாருங்கள், 50 சிசியை வைத்து அந்த வேலையை மல்லுக்கட்ட வேண்டாம்.

இனி செயின். மிஷினுக்கு இத்தனை யோசிப்பவர்கள் செயினுக்கு யோசிப்பதே இல்லை, ஆனால் மரத்தைத் தொடுவது அது ஒன்றுதான். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது பிட்ச், அதாவது கண்ணிகளின் இடைவெளி. 50 சிசிக்கு வழக்கமாக வருவது .325 இஞ்ச். அதற்கு மேற்பட்ட மிஷின்களில் 3/8 இஞ்ச். இரண்டாவது, பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன், 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். மூன்றாவது அந்தக் கண்ணிகளின் எண்ணிக்கை. மூன்றுமே பெரும்பாலும் பாரிலேயே பொறித்திருக்கும், கடைக்குப் போகும்போது போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். "18 இஞ்ச் செயின் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்து மாட்ட முடியாமல் திரும்பப் போகிறவர்களை எங்கள் ஊர்க் கடையில் அடிக்கடி பார்க்கலாம்.

அடுத்து பல்லின் வடிவம். மூலை கூராக இருக்கும் ஃபுல் சிசல், மூலை உருண்டையாக இருக்கும் செமி சிசல் என்று இரண்டு உண்டு. சுத்தமான மரத்தில் ஃபுல் சிசல் வேகம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நம் மரம் சுத்தமாகவா இருக்கிறது? விழுந்து மாதக்கணக்கில் மணலில் கிடந்த தென்னை, பட்டையில் செம்மண் அப்பிய கருவேலம், கரையான் புற்று ஏறிய வேம்பு. இதில் ஃபுல் சிசலின் கூர் மூலை சீக்கிரமே மழுங்கிவிடும், மூலை போனால் அந்தப் பல் வெறும் பாரம். செமி சிசல் கொஞ்சம் மெதுவாக அறுக்கும், ஆனால் மழுங்காமல் நீண்ட நேரம் தாங்கும். அதிலும் தென்னை ஒரு தனிப் பிறவி. மற்ற மரங்களுக்கு நடுவில் வைரம் என்றால் இதற்கு வெளியோரம்தான் வைரம், உள்ளே சோறு மாதிரி மெத்தென்று இருக்கும். அந்த வெளியோர நார் கூரைத் தின்றுவிடும், உரிந்து வரும் நார் போய் ஸ்பிராக்கெட் (செயினை இழுக்கும் பல் சக்கரம்) மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் மூடியைக் கழற்றி நாரை இழுத்துப் போடாவிட்டால் பார் ஆயில் போகிற துளையும் அடைபடும், அப்புறம் பார் சூடாகி நீலம் பாய்ந்துவிடும்.

தீட்டுவதைக் கற்றுக்கொள்ளாமல் தயவுசெய்து மிஷின் வாங்காதீர்கள். .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம். 3/8 செயினுக்கு ஸ்டில் சொல்வது 5.2, செயின் செய்யும் ஓரிகான் கம்பெனி சொல்வது 5.5. சின்ன மிஷின்களில் வரும் குட்டி 3/8க்கு 4.0. பல்லின் மேல் கோணம் பெரும்பாலான செயினில் 30 டிகிரி, அதற்கான கோடு பல்லிலேயே போட்டிருப்பார்கள். அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் தேய்க்க வேண்டும், இழுக்கும்போது எடுத்துவிட வேண்டும். டேங்க் ஒன்று காலியானால் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று தேய்ப்பு, அவ்வளவுதான் வேலை. முழுசாக மழுங்கும்வரை ஓட்டிவிட்டு மொத்தமாகத் தீட்டலாம் என்று தள்ளிப்போட்டால் அரை மணி நேரம் போகும், பல்லும் பாதி போகும். இடது பக்கப் பற்கள் நீளமாகவும் வலது பக்கம் குட்டையாகவும் தேய்ந்துவிட்டால் மிஷின் நேராக இறங்காமல் வளைந்து போகும், "பார் கோணலாயிடுச்சு" என்று புது பார் வாங்கி மாட்டியும் அதே வளைவு வரும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை மறந்துவிடாதீர்கள், அது ஒவ்வொரு பல்லும் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. வழக்கமாகப் பல் நுனியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அதைத் தேய்க்காமல் பல்லை மட்டும் தீட்டிக்கொண்டே போனால் செயின் பளபளவென்று கூராக இருக்கும், ஆனால் மரத்தைக் கடிக்காது. நிறையத் தேய்த்துவிட்டால் கண்டபடி கடித்து மிஷின் கையில் துள்ளும். கூர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டாம், வேம்பு மாதிரி மரத்தில் விழுகிற தூளைப் பாருங்கள். சில்லுச் சில்லாக விழுந்தால் சரி. மாவாகப் பறந்தால் நிறுத்திவிட்டு அரத்தை எடுங்கள்.

செயின் ஒன்று மட்டும் வைத்திருப்பது வீண். குறைந்தது மூன்று வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் மூன்றும் ஸ்பிராக்கெட்டும் சமமாகத் தேயும். பாரையும் அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்ட வேண்டும்.

பெட்ரோல் விஷயத்தில் முன்பைவிட இப்போது கவனம் வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், டெல்டாவின் ஐப்பசி கார்த்திகையில் ஈரத்துக்கா பஞ்சம். கலந்து வைத்த பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் வைத்திருந்தால் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயஃப்ரம் விறைத்துப் போகும், டியூப் வெடிக்கும். தேவைக்குத் தக்கபடி கலக்குங்கள், சில வாரத்துக்கு மிஷினைத் தொடப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள். கலவை, கம்பெனி சொல்கிற தரமான டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) என்றால் 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண ஆயில் என்றால் சில கம்பெனிகள் 25:1 என்கின்றன, கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் முடிவு. குத்துமதிப்பாக ஊற்றுவதற்கு இது பழைய மொபெட் இல்லை, முழு வேகத்தில் நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் போகிற இன்ஜின், ஆயில் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

பாருக்கு டிராக்டரில் இருந்து இறக்கிய கருப்பு ஆயிலை ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம், காசு மிச்சம் என்று. அதில் இரும்புத் தூளும் கரியும் இருக்கும், ஆயில் பம்ப்பைத் தேய்க்கும், தெறித்து உங்கள் கையிலும் தோப்பு மண்ணிலும் படியும். பாருக்கென்றே விற்கும் ஆயில் ஒட்டும் தன்மை உள்ளது, செயின் சுற்றும்போது வீசி எறியப்படாது. கிடைக்காவிட்டால் புது இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள், பழையது வேண்டாம்.

கார்புரேட்டரைத் தானே சரிசெய்துகொள்ளும் எலக்ட்ரானிக் வகைகள் (ஸ்டிலில் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவில் ஆட்டோடியூன்) பற்றிக் கேட்பவர்கள் உண்டு. வெயில், மழை, பில்டர் அழுக்கு எல்லாவற்றுக்கும் தக்கபடி பெட்ரோலை அதுவே கூட்டிக் குறைக்கும், ஓட்ட அருமை. ஆனால் கோளாறு வந்தால் கம்பெனியின் கருவியை மாட்டித்தான் பார்க்க முடியும். ஸ்க்ரூ வைத்த கார்புரேட்டரை எங்கள் தெருமுனை மெக்கானிக் காதால் கேட்டே சரிசெய்துவிடுவார். டீலர் பக்கத்தில் இருந்தால் எலக்ட்ரானிக், இல்லாவிட்டால் ஸ்க்ரூ. பேட்டரி மிஷினும் நல்ல நல்லதாக வந்துவிட்டது, சத்தம் இல்லை, புகை இல்லை, வீட்டைச் சுற்றிக் கிளை கழிக்க நான் அதைத்தான் சொல்வேன். தோப்பில் நாள் முழுக்க என்றால் இத்தனை பேட்டரி வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டதும் ஆசை அடங்கிவிடும்.

கடையில் ஒரு சோதனை வையுங்கள். விலை பேசுவதற்கு முன்னால், "இந்த மாடலுக்குக் கிளட்ச் டிரம், ஆயில் பம்ப், ஸ்டார்ட்டர் கயிறு, ஏர் பில்டர் இப்போ இருக்குதாண்ணே, எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். "ஆர்டர் போட்டா வந்துடும்" என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். அதே நிறம், அதே எழுத்து, பாதி விலையில் ஆன்லைனில் தெரிவது போலி. விலையே காட்டிக்கொடுக்கும்.

பட்ஜெட்டில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள், கால் காப்புக்கும் ஹெல்மெட்டுக்கும். கைலியும் ரப்பர் செருப்புமாக அறுப்பதைத்தான் எங்கும் பார்க்கிறோம். செயின் முழு வேகத்தில் விநாடிக்கு 20 மீட்டரைத் தாண்டி ஓடுகிறது, கையை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கால் காப்புக்குள் நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும், செயின் பட்டதும் அவை உருவி வந்து ஸ்பிராக்கெட்டில் சுற்றி மிஷினை நிறுத்திவிடும். நம் வெயிலுக்கு முழு பேண்ட் தாங்காது, முன்பக்கம் மட்டும் கட்டிக்கொள்ளும் வகை போதும். பார் மூக்கின் மேல் பாதி எதிலாவது இடித்தால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும், அந்த நேரத்தில் முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் காப்பு மணிக்கட்டில் பட்டோ, அதிர்ச்சியில் தானாகவோ முன்னால் சாய்ந்து செயினை நிறுத்த வேண்டும். வாங்கும்போதே ஓடவிட்டு அந்த பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்காத மிஷினை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஏணியில் நின்று ஒற்றைக் கையால் அறுப்பதைப் பற்றி நான் பேசக்கூட விரும்பவில்லை.

மிஷின் வந்த உற்சாகத்தில் பனை மேல் கை வைத்துவிடாதீர்கள், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தாகிவிட்டது. மலைப்பகுதியில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு 1955ஆம் வருஷத்துச் சட்டம் தனியாக இருக்கிறது, அங்கே சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும்.

இவ்வளவும் சரி, தொழில்முறை மிஷினின் விலை கட்டுப்படியாகவில்லை என்றால்? புது 58 சிசியைவிட, நன்றாகப் பராமரித்த பழைய தொழில்முறை மிஷின் மேல். உதிரிப் பாகம் கிடைக்கும், உள்ளே எதையும் மாற்றலாம். வாங்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், "இப்பதான் ஓட்டிக் காட்டினேன்" என்று சூடாக வைத்திருந்தால் ஆறும்வரை உட்கார்ந்து டீ குடியுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்தால் கெட்டியாகத் தடுத்து நிற்க வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் அமுக்கம் போய்விட்டது. பிறகு சைலென்சரைக் கழற்றச் சொல்லுங்கள், சில போல்ட்தான், கழற்ற மறுத்தால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. போன் டார்ச்சை அடித்து அந்த ஓட்டை வழியாகப் பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் மழமழவென்று இருந்தால் விலை பேசலாம். மேலிருந்து கீழாகக் கீறல் ஓடியிருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.